தட்டை யார் எடுப்பது?

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் ஒலிப்பதிவு செய்து கொடுப்பது என் தொழில். ஆட்டோவில் கட்டிய குழாயில் தெருவுக்குள் வரும் குரல்களில் பாதி என்னுடையதாக இருக்கும். நகைக்கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், இரங்கல் அறிவிப்பு என எல்லாம் பேசியிருக்கிறேன். குப்பை வண்டியில் ஓடும் ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’யும் என் குரல்தான். தை பிறந்துவிட்டால் மற்ற வேலைகளெல்லாம் ஒதுங்கிவிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மதுரைப் பக்கமிருந்தும் காரைக்குடிப் பக்கமிருந்தும் திண்டுக்கல் வழியாக எங்கள் சாலையில்தான் வருகிறார்கள். வழிநெடுக அன்னதானப் பந்தல்கள். பந்தலுக்குப் பந்தல் ஓர் அறிவிப்பு வேண்டும்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு தம்பி வந்தான். வெளியூரில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒருநாள் முழுக்கச் சோறு போடப் போகிறான். நல்ல பிள்ளை. “அண்ணே, எங்க அப்பா பேரு முதல்ல வரணும்ணே” என்றான். எழுதிக்கொண்டேன். “தம்பி, எதுல வச்சுக் கொடுக்கப் போறீங்க?” என்று கேட்டேன். “பேப்பர் தட்டுண்ணே. மொத்தமா எடுத்தா விலை கம்மி.” “சாப்பிட்ட தட்டு?” “அதுக்கு ஆளு வருவாங்கண்ணே.”

அவன் குரலில் அலட்சியம் இல்லை. நாளைக்குப் பொழுது விடியும் என்று சொல்வதுபோல அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னான். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. பிளாஸ்டிக் கெடுதல் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தட்டு விழுந்துகொண்டே இருக்கிறது என்றால், தெரியாமையைப் போக்குவதில் மட்டும் காரியம் இல்லை. “ஆளு வருவாங்க” என்பது அறிவு சம்பந்தப்பட்டதல்ல, நம்முடைய அறம் சம்பந்தப்பட்டது.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். பூசம் முடிந்த விடிகாலையில் இந்தச் சாலையில் தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் எங்கள் கடை வாசலில் தண்ணீர் குடிக்க உட்கார்வார். “சாம்பார் தட்டு வெயில்ல காஞ்சிருச்சுன்னா தாரோட ஒட்டிக்கிரும் தம்பி. விளக்குமாத்துக்கு வராது. குனிஞ்சு கையாலதான் பிய்க்கணும்” என்று ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வேலையின் பக்குவத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். முந்தின நாள் குழாயில் உபயதாரர் பெயர்கள் வரிசையாக வந்தன. இவர் பெயரை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

இங்கேதான் கேள்வி வருகிறது. சோறு போட்டது ஒருவர், அதன் மிச்சத்தைச் சுமந்தது இன்னொருவர் என்றால் அந்தத் தருமம் முழுமையாகிவிட்டதா? பசியாற்றுவது பெரிய அறம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஆனால் அவர் சொன்ன ஜீவகாருண்யம் மனிதப் பசியோடு நிற்பதல்ல, எல்லா உயிருக்கும் இரங்குவது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு பசுவின் வயிற்றை அறுத்து, சென்னையில் கால்நடை மருத்துவர்கள் 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். சோற்று வாசனைக்காகத்தான் மாடு பையையும் தட்டையும் சேர்த்து மெல்லுகிறது. நாம் போட்ட சோறே அதற்குத் தூண்டில் ஆகிறது.

பேப்பர் தட்டு பேப்பர்தானே என்பார்கள். சாம்பார் ஒழுகாமல் நிற்கிறதே, அது பேப்பரால் அல்ல. உள்பக்கம் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால். காகிதம் ஊறி மக்கினாலும் படலம் மண்ணில் கிடக்கும். அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் உண்டு. தேநீர்க் கோப்பை, தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2021 டிசம்பரில், பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. ஏனென்றால் மஞ்சள் பையைப் பட்டிக்காட்டான் அடையாளமாக்கிக் கேலி செய்தது நம் சினிமா. ஊடகம் ஏற்றிய வெட்கத்தை ஊடகமே இறக்கி வைப்பது நியாயமான வேலை.

ஆனால் பைக்கு நடந்தது தட்டுக்கு நடக்கவில்லை. விழிப்புணர்வுப் படங்கள் மூக்கில் உறிஞ்சுகுழாய் சிக்கிய ஆமையையும் கடலையும் காட்டுகின்றன. பார்க்கிற மனம் இளகுகிறது, மறுநாள் பந்தலில் அதே தட்டு. ஆமை தூரத்தில் இருக்கிறது. குனிகிற அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அவரைத்தான் எந்தப் படத்திலும் காணோம். காட்டினால் ஒரு பழைய புண்ணைத் தொட வேண்டியிருக்கும் என்பதால் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எச்சில் என்பது நம்மிடம் வெறும் அழுக்கு அல்ல. யாருடைய எச்சிலை யார் தொடுவது என்று காலங்காலமாகச் சாதி தீர்மானித்து வைத்திருந்தது. எத்தனையோ ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. குடித்துவிட்டு எறியும் கோப்பை வந்தபோது, ‘இனி எல்லாருக்கும் ஒரே கப்’ என்று நிம்மதியடைந்தவர்கள் உண்டு. அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவமானம் பட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் சில ஊர்களில் ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குப் பேப்பர் கப் என்று பழைய பிரிவினை புது வடிவில் திரும்பியது. மற்ற இடங்களில் கடைக்குள் மறைந்த தீட்டு குப்பை வண்டிக்கு இடம் மாறியது. அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அன்று தனிக் குவளையில் குடிக்க வைக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான். “ஆளு வருவாங்க” என்பதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினமும் பல்லாயிரம் பேருக்கு லங்கர் என்னும் பொதுப் பந்தியில் சாப்பாடு போடுகிறார்கள். எல்லாம் எவர்சில்வர் தட்டு. சாப்பிட்ட தட்டுகளை வரிசையாக நின்று தேய்ப்பவர்களில் பணக்காரர், ஏழை, ஆண், பெண் எல்லாரும் உண்டு. அந்தத் தட்டுச் சத்தத்தை ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன், மழை பெய்வதுபோல இடைவிடாமல் இருக்கும். பிறர் எச்சிலைக் கழுவுவது அங்கே பரிமாறுவதற்குச் சமமான சேவை. சோறு போடுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கழுவுவதைத்தான் வழிபாடாக நினைக்கப் பழகவில்லை.

ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். “பொருள்மேல பற்றே கூடாதுங்கிறதுதானே நம்ம ஞானம்? பட்டினத்தார் சொன்ன ஒரு சொல்லுக்குப் பத்திரகிரியார் கையிலிருந்த திருவோட்டையே விட்டெறிஞ்சாரே, தட்டுக்குப் போய் ஏம்ப்பா இவ்வளவு?” நல்ல கேள்வி. ஆனால் பத்திரகிரியார் எறிந்தது தன்னிடம் இருந்த ஒரே பாத்திரத்தை, இனி ஒன்று வேண்டாம் என்ற முடிவோடு. நாம் எறிவது அடுத்தது கையில் தயாராக இருப்பதால். துறந்தவருக்குத் தேவை குறைகிறது. எறிகிறவனுக்கு நாளைக்கு இன்னொரு கட்டுத் தட்டு வேண்டும்.

எறிவதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. வாழையிலையையும் சாப்பிட்டு எறியத்தான் செய்கிறோம். அதை வாங்கிக்கொள்ள மாடு இருக்கிறது, மண் இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டும் தையல் இலையும் அப்படியே. பிளாஸ்டிக் படலத்தை வாங்கிக்கொள்ள உலகத்தில் யாருமே இல்லை. தானம் என்றால் கொடுப்பவர், பெறுபவர் இருவர் வேண்டும். சோற்றுக்குப் பெறுபவர் இருந்து தட்டுக்கு இல்லையென்றால், பாதித் தானத்தோடு பந்தலைப் பிரிக்கிறோம்.

அந்தத் தம்பியிடம் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் எவர்சில்வர் தட்டு வாடகைக்குக் கேட்டான். போதாததற்கு வாழையிலை எடுத்தான். சிநேகிதர்கள் முறை வைத்துத் தட்டுக் கழுவினார்கள். செலவு கூடியது, ஆட்களும் கூடுதலாக வேண்டியிருந்தது. அவன் அப்பா பெயருக்கு அடுத்து, தட்டுக் கழுவுகிறவர்களின் பெயர்களையும் அறிவிப்பில் சேர்த்துப் பேசினேன்.

இந்தத் தைப்பூசத்துக்குப் பந்தல் போடப் போகிறவர்களிடமும், மைக் பிடிக்கிற, நோட்டீஸ் அடிக்கிற, ரீல்ஸ் எடுக்கிற என் தொழில்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அரிசி எத்தனை மூட்டை என்று பேசும்போதே, எதில் பரிமாறுகிறோம், மிச்சத்தை யார் எங்கே கொண்டுபோகிறோம் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். இரவே பந்தலைச் சுற்றி அரை மைல் தூரம் நீங்களே நடந்து பொறுக்குங்கள். சோறு போடுவதைப் படம் எடுக்கிறவர்கள், இடத்தைச் சுத்தம் செய்து முடிக்கிறவரை கேமராவை உள்ளே வைக்காதீர்கள்.