போர்வைக்குள் இருந்தது

ராத்திரியில் படிக்காதே என்று சொல்லித்தான் ரோல்டு டாலின் 'சம்ஒன் லைக் யூ' தொகுப்பை நண்பர் கொடுத்தார். 1953இல் வந்தது. பிற்பாடு சாக்லேட் தொழிற்சாலைக் கதை எழுதிக் குழந்தைகளின் செல்லமான அதே டால்தான். இந்தத் தொகுப்பின் ஒரு கதையில் ஒருத்தி, உறைந்துபோன ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொன்றுவிட்டு, விசாரிக்க வந்த போலீஸ்காரர்களுக்கே அதைச் சமைத்துப் போடுகிறாள். சிரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

தூங்கவிடாதது 'பாய்சன்'. இந்தியாவில் நடக்கும் கதை. படுத்துப் படித்துக்கொண்டிருந்த ஹாரி போப்பின் வயிற்றில், போர்வைக்குள், கட்டுவிரியன் ஒன்று ஏறிப் படுத்துவிட்டதாம். அசைந்தால் போச்சு. வேர்த்து வழிய, நண்பனிடம் கிசுகிசுக்கிறான். நமக்கு இது அயலூர் பயம் இல்லை. இரவில் திரியும் பாம்பு அது. பாயில் உறங்குபவரைக் கடித்தாலும் பல நேரம் வலி தெரியாது, விடிவதற்குள் மூச்சு அடங்கிவிடலாம்.

நள்ளிரவில் கூப்பிட்டதும் இந்திய டாக்டர் கந்தர்பாய் வருகிறார். விஷமுறி மருந்து போடுகிறார். பாம்பை மயக்கக் குழாய் வழியே குளோரோஃபார்ம் ஊற்றுகிறார். காத்திருந்து போர்வையை உருவினால், ஒன்றுமில்லை. நிஜமாகவே பார்த்தீர்களா என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஹாரி அவர் இனத்தைச் சொல்லித் திட்டுகிறான். விஷம் எங்கே இருந்ததென்று அப்போதுதான் தெரிகிறது.

வெள்ளைக்காரத் திமிர் என்று நானும் முதலில் புத்தகத்தை மூடிவைத்தேன். ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கைலியோடு எழுந்து வந்தவரிடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூட உளறியிருக்கிறேன். சோதித்துவிட்டு, "வெறும் வாயு சார், வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க" என்றார். பிழைத்தோமே என்றல்லவா தோன்றியிருக்க வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. சரியாகப் பார்க்கத் தெரியாதவர் என்று நாலு பேரிடம் சொன்னேன். நான் அழுததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதை மன்னிக்க முடியவில்லை. ஹாரிக்குத் திட்ட ஓர் இனம் கிடைத்தது, எனக்கு வாயு.

கதையில் நண்பன் மன்னிப்புக் கேட்டபடி கார்வரை போகிறான். ஹாரிக்கு நல்ல ஓய்வு வேண்டும் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிவிடுகிறார்.

எங்கள் டாக்டர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நான்தான் பால் வாங்கச் சுற்றுவழியில் போகிறேன்.