தெரியாத பாடத்துக்கு மூன்று கிரெடிட்

பொறியியல் கல்லூரிகளில் ஆறாவது செமஸ்டர் நெருங்கும்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வரும். ஓப்பன் எலெக்டிவ்: வேறு துறையின் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கிரெடிட், 45 பீரியட். பட்டியலைத் திறக்கும் முன்பே சீனியர்களின் தீர்ப்பு வந்துவிடும்: எது ஸ்கோரிங், யார் இன்டர்னலில் தாராளம், எந்தப் பேப்பரில் கணக்கு வராது. பல கல்லூரிகளில் இந்தத் தேர்வே பெயரளவுக்குத்தான். எந்த ஆசிரியருக்கு பீரியட் குறைவாக இருக்கிறதோ, அவர் பாடம் எல்லோரும் ‘விரும்பி’ எடுத்த பாடமாகிவிடும்.

மதிப்பெண்ணைப் பார்த்து எடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கையில் இரண்டு அரியர், வீட்டில் கல்விக் கடன், பிளேஸ்மென்ட்டுக்கு வரும் கம்பெனி முதலில் கேட்பது சிஜிபிஏ. அந்தப் பையனிடம் போய்த் தத்துவம் படி என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு. எனக்கு விளங்காதது, 8.5 வைத்திருப்பவர்களும் அதே ஸ்கோரிங் பாடத்தில் போய் உட்காருவதுதான்.

அண்ணன் மகள் ஈ.சி.இ. படிக்கிறாள். “பைத்தான் எடுக்கட்டுமா சித்தப்பா? வேலைக்கு உதவும்ல?” என்று கேட்டாள். உதவும். ஆனால் பைத்தானை லீவில் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்களே நடத்துகிறார்கள், சேரக் கட்டணம் கிடையாது. தப்பாக எழுதினால் கம்ப்யூட்டரே எர்ரர் காட்டிவிடும். நாலு பேர் உட்கார்ந்து வாதாடினால்தான் பிடிபடும் பாடங்கள் வேறு. பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், தர்க்கம். அங்கே நம் எர்ரரை இன்னொரு மனிதர்தான் காட்ட வேண்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் போனபின் அப்படி ஒரு அறை அமைவது அரிது.

வழக்கமாக இந்த இடத்தில் கிளாட் ஷானனை அழைத்து வருவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் படித்த ஷானன், அங்கே ஒரு தத்துவ வகுப்பில்தான் ஜார்ஜ் பூலின் தர்க்கத்தை அறிந்தார். பிறகு எம்.ஐ.டி.யில் ரிலே சர்க்யூட்டுகளோடு மல்லுக்கட்டியபோது, ரிலே திறப்பதும் மூடுவதும் பூலின் உண்மை, பொய்க்கு அப்படியே பொருந்துவதைக் கண்டார். 1937இல் அதுவே அவருடைய முதுகலை ஆய்வேடு. இன்றைய டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பரின் அடித்தளமும் அதுதான். ஆனாலும் வேறு துறைப் பாடம் எடுக்க இதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்குத் தயக்கம். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. பரிசு விழுந்தவரைக் காட்டி லாட்டரிச் சீட்டு விற்கிற கதை இது.

எனக்குப் பிடித்த காரணம் இன்னும் அருகிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு கிரெடிட் பாடம் உண்டு. கட்டாயப் பாடம், தேர்வுக்கு முந்தின இரவு புரட்டினால் போதும் என்பது மாணவர்கள் நிலைப்பாடு. அதில் சோழர் காலக் குமிழித் தூம்பு வருகிறது. ஏரியின் கரையில் அல்ல, உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட கல் மதகு. மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. துளையைத் திறந்தால் தண்ணீரோடு வண்டலும் வெளியேறும், ஏரி சீக்கிரம் தூர்ந்துபோகாது. சிவில் மாணவருக்கு இது ஹைட்ராலிக்ஸ் லேபில் பார்த்த துளைவழி நீரோட்டம்தான். நீர்மட்டத்தைக் கொடுத்தால் எவ்வளவு தண்ணீர் பாயும் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

ஆனால் அந்தத் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும்? மழை பொய்த்த வருஷம் யார் விட்டுக்கொடுப்பது? தூர்வாரக் காசு யாருடையது? இதற்கு ஃபார்முலா இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் பற்றிப் பேசுகிறது. குடவோலையில் தேர்ந்தெடுப்பு, ஓராண்டுப் பதவி, முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அந்த ஏரிகள் நின்றதில் கல்தச்சருக்கு உள்ள பங்கு இந்த விதிகளுக்கும் உண்டு. பொறியியல் கேள்வித்தாளில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று முதலிலேயே எண்களைத் தந்துவிடுகிறார்கள். அந்த எண்களை யார், எதற்காகத் தந்தார்கள் என்று கேட்கப் பழக்குவது வெளித்துறைப் பாடம். நாளைக்கு மேம்பாலத்துக்கு வரைபடம் போடுகிறவருக்கும், கடன் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் மென்பொருள் எழுதுகிறவருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும். ‘பின்னால் பயன்படும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இது எனக்கு உறுதியான காரணமாகப் படுகிறது.

ஆசிரியர் சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல பாடமும் ஐந்து யூனிட் நோட்ஸாகச் சுருங்கிவிடும், அது வேறு விஷயம். எனவே பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். சிலபஸில் முதல் யூனிட் எப்போதும் அறிமுகம்தான். கடைசி யூனிட்டைப் படியுங்கள். பரிந்துரைத்த புத்தகத்தை லைப்ரரியில் எடுத்துச் சில பக்கங்கள் புரட்டுங்கள். மேலே படிக்கத் தோன்றினால் அதுதான் உங்கள் பாடம். ஃபார்ம் மூடுவதற்குள் அந்த டிபார்ட்மென்ட் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், இந்தப் பேப்பரை யார் நடத்தப்போகிறார் என்று கேளுங்கள். அவரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்து டிக் செய்யுங்கள்.