உதிரமும் அமானிதமே

முழங்கால் மூட்டு தேய்ந்து, நாற்காலியில் அமர்ந்தே தொழுது வந்த தாயாருக்கு ஆபரேஷன் செய்து செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள். மறுநாள் அவர் முகம் வெளிறியிருக்கக் கண்ட பிள்ளைகள், "உம்மாவுக்குத் தெம்பு வரட்டும், ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றுங்கள்" என்று டாக்டரை வற்புறுத்துகின்றனர். பாசத்தால் எழும் வேண்டுகோள்தான். ஆயினும் அது சரிதானா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உதிரம் உண்பது நமக்கு ஹராம். உயிர் காக்கும் நிர்ப்பந்தம் நேரும்போது பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தீர்ப்பளித்துள்ளனர். ஆனால் நிர்ப்பந்தத்தால் கிடைத்த சலுகை அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பதும் ஃபிக்ஹு சட்டத்தின் விதியே. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பிறர் இரத்தம் வெறும் சத்துநீர் அன்று. அது, பெறுபவரின் நோய் எதிர்ப்புச் சக்தியைச் சற்றே மந்தப்படுத்தக்கூடும். முன்னரே இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில் மாற்றுச் சிறுநீரகம் நன்கு நிலைத்ததை மருத்துவர்கள் 1973-இல் கண்டனர். அங்கே நன்மையாக இருந்த இந்த மந்தம், மூட்டு மாற்றியவருக்கு நன்மையாகுமா? அவர் உடல் கிருமிகளை எதிர்த்து நிற்க வேண்டிய வேளை அது. மூட்டு மாற்றியவர்களுள் இரத்தம் பெற்றோருக்குத் தொற்று கூடுதல் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. அவர்கள் முன்பே பலவீனர்களாக இருந்ததும் ஒரு காரணமாகலாம் என்பதையும் நீதியுடன் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,016 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறைந்ததும் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் ஒரு சாரார். 8 கிராமுக்குக் குறையும் வரை, அல்லது இரத்தக் குறைவின் அறிகுறி தோன்றும் வரை பொறுத்திருந்தவர்கள் மறு சாரார். 60 நாட்களுக்குப் பின், உயிர் பிழைத்ததிலும் நடமாடியதிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே, ஆபரேஷனுக்குப் பல வாரங்களுக்கு முன்பே இரத்தச் சோகையைக் கண்டு சிகிச்சை பெறுவோம். இரத்தம் அவசியம் என்று டாக்டர் கூறினால் தயங்காமல் ஏற்போம். அப்போது மறுப்பதும் உயிருக்குச் செய்யும் அநீதியே. வேண்டியதில்லை என்றால் வற்புறுத்தாதிருப்போம். அந்த ஒரு பாட்டில், முகமறியா ஒருவர் கைநீட்டிக் கொடுத்த அமானிதம். பிரசவத்தில் உதிரம் கொட்டும் ஒரு பெண்ணுக்கு அது உயிராகலாம்.

தேவையின் அளவறிந்து நடக்கும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.