எட்டாத கரை யாருக்குப் பொது?

கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணையால் வெளியான ரோமானியச் சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல் ஆகியவற்றோடு கடற்கரையையும் இயற்கைச் சட்டப்படி, அதாவது எந்த அரசும் இயற்றாமலே மனித அறிவுக்குப் புலப்படும் நெறிப்படி, எல்லோருக்கும் பொதுவானதென்று வகுத்தது. கரைக்கு அரசு உடைமையாளர் அன்று, மக்கள் சார்பில் அதைக் காக்கும் அறங்காவலரே என்னும் கோட்பாடு இவ்வழியில் வளர்ந்தது. கலிபோர்னியாவில் சராசரி உயர் ஓதக் கோட்டுக்குக் கீழுள்ள ஈர மணல் இன்றும் இக்கோட்பாட்டின்படியே பொதுவில் இருக்கிறது.

ஆயினும், மணல் பொதுவாக இருந்து அதை அடையும் வழி சிலர் கையில் இருந்தால் அந்த உரிமைக்கு என்ன பொருள் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியைச் சேர்ந்த மன்ஹாட்டன் பீச் என்னும் சிற்றூரில், 1912-இல் வில்லா புரூஸ், சார்ல்ஸ் புரூஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் கடலோர மனை வாங்கி, பெரும்பாலான கரைகளில் இடம் மறுக்கப்பட்ட தம் இனத்தாருக்காக விடுதி நடத்தினர். தெருவில் பத்து நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கூடாதென்று பலகைகள் நடப்பட்டன. விடுதிக்கு எதிரே இருந்த மணற்பரப்பு கயிறு கட்டி மறிக்கப்பட்டதால், குளிக்க வந்தோர் அரை மைல் சுற்றி நடக்க நேர்ந்தது. பத்து நிமிட விதி எல்லோருக்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கரைக்கு நடந்தே வரக்கூடிய உள்ளூராரை அது தொடுவதில்லை, தொலைவிலிருந்து குடும்பத்தோடு வருபவரை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. 1924-இல் பூங்கா அமைப்பதாகச் சொல்லி அந்நிலத்தையே கையகப்படுத்திய நகர மன்றம், அதன்பின் பல பத்தாண்டுகள் அதை வெற்றிடமாகவே விட்டுவைத்தது; வாரிசுகளிடம் நிலம் திரும்பியது 2022-இல்தான்.

இவ்வரலாற்றைக் கொண்டு இன்றைய கடலோர ஊரார் அனைவரையும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. கோடைதோறும் தம் வீட்டு வாசலை அடைத்து நிற்கும் வண்டிகளைப் பற்றி அவர்கள் சொல்லும் குறை உண்மையானது. வண்டிகளுக்காகக் கரையோரத்தையே தார் பூசி மூடுவதும் கரையை இழப்பதற்கு ஒப்பானதே, அதனால் வண்டி இல்லாத ஏழைக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் வளர்ச்சியின் ஆதாயத்தை, விடுதி வரியாகவும் ஏறிய மனை விலையாகவும் பெற்றுக்கொண்டு, அதே கடலைத் தேடி வருபவரைச் சுமையென்று மட்டும் எண்ணும் ஊர், பொதுச் சொத்தின் பலனைத் தனதாக்கிக்கொள்கிறது. 1976-ஆம் ஆண்டின் கலிபோர்னியக் கடற்கரைச் சட்டம் இதை உணர்ந்தே, புதிய கட்டுமானங்கள் போதிய வண்டி நிறுத்துமிடத்தையோ அதற்கு ஈடான பொதுப் போக்குவரத்தையோ அளித்துக் கரைக்குச் செல்லும் வழியைக் காக்க வேண்டுமென்று கூறுகிறது. நிறுத்துமிடத்தைக் குறைக்க விரும்பும் ஊர், முதலில் கூலிவேலை செய்பவருக்கும் கட்டுப்படியாகும் பேருந்தை விடட்டும். அதுவரை தடைப் பலகை நடும் அதிகாரம் சட்டத்தில் இருந்தாலும் அறத்தில் அதற்கு இல்லை.