வலிமை எங்கிருந்து வருகிறது?

இன்னல் நேரும்போது மனிதன் முதலில் தேடுவது மனவலிமையை. 'என் மனம் சற்றுத் தேறட்டும், பிறகு மற்றவர்களைக் கவனிக்கிறேன்' என்று அவன் எண்ணுகிறான். நியாயமான எண்ணமாகவே இது தோன்றுகிறது. ஆனால் வலிமை வந்த பிறகுதான் கடமையில் இறங்க வேண்டுமா? அல்லது கடமையில் இறங்கிய பிறகுதான் வலிமை வருமா?

பகவத்கீதை பிறந்ததே இத்தகைய ஒரு நெருக்கடியில்தான். அதன் முதல் அத்தியாயத்திற்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். காண்டீவம் கைநழுவ, உடல் நடுங்க, மாவீரன் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகிறான். அவனது ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. கலக்கம் அதை மறைத்துவிட்டது. ஸ்ரீகிருஷ்ணர் அவனைப் போர்க்களத்திலிருந்து அப்பால் அழைத்துச் சென்று ஆறுதல் கூறவில்லை. இரு சேனைகளுக்கும் நடுவிலேயே நிறுத்தி உபதேசித்தார். சோர்வு நேர்ந்த இடத்திலேயே தெளிவும் பிறக்க வேண்டும் என்பது இதில் அடங்கிய குறிப்பு.

இந்த உண்மை வாழ்க்கையில் நிரூபிக்கப்பட்டதற்கு ஒரு சான்று உண்டு. 1896-ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், 1898-இல் கல்கத்தாவை எட்டியது. நோயைவிட வதந்திகள் விரைந்து பரவின. நோயாளிகளைப் பலவந்தமாக இழுத்துச் செல்வார்கள், கட்டாயமாக ஊசி போடுவார்கள் என்று அஞ்சி, மக்கள் நகரை விட்டு ஓடத் தொடங்கினர்.

அப்போது சுவாமி விவேகானந்தர் உடல்நலம் குன்றி, ஓய்வுக்காக டார்ஜிலிங்கில் தங்கியிருந்தார். செய்தி அறிந்ததும் மே மாதத் தொடக்கத்தில் கல்கத்தா திரும்பினார். மக்களுக்காக அவர் தயாரித்த அறிக்கை வங்காள மொழியிலும் ஹிந்தியிலும் அமைந்தது. அஞ்ச வேண்டாம், வதந்திகளை நம்ப வேண்டாம், வீட்டையும் உடையையும் சாக்கடையையும் தூய்மையாக வைத்திருங்கள், பழைய உணவை உண்ணாதீர்கள் என்று அது எளிமையாக அறிவுறுத்தியது. திக்கற்றவர்களுக்குத் துணை நிற்போம் என்ற உறுதியையும் அளித்தது.

இவ்வளவு பெரிய பணிக்குப் பணம் எங்கே என்று சகோதரத் துறவி ஒருவர் கேட்டார். தேவையானால் மடத்திற்காக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்பது சுவாமிஜியின் பதில். கங்கைக் கரையில் பேலூரில் அந்த நிலம் வாங்கப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. குருதேவருக்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் ஏங்கிய பிறகு கிடைத்த நிலம் அது!

அதை விற்கத் துணிவது சரியா? அன்பர்கள் மடத்திற்காக அளித்த பணம் அல்லவா? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மடம் எதற்காகவோ, அந்த நோக்கமே உதவி கேட்டு வாசலில் வந்து நிற்கும்போது, மண்ணைக் காப்பாற்றி நோக்கத்தைக் கைவிடுவது எப்படி அறமாகும்? நிலத்தை விற்க வேண்டிய தேவை பின்னர் எழவில்லை. ஆயினும் எதையும் இழக்கச் சித்தமான அந்த மனமே மற்றவர்களின் தயக்கத்தைக் கரைத்தது. தலைமை என்பது இதுதான். பிறரிடம் தியாகத்தைக் கேட்பதற்கு முன், தனக்கு மிகவும் பிரியமானதைத் தலைவன் முதலில் எடுத்து வைக்கிறான்.

1899-இல் பிளேக் மீண்டும் பரவியது. நிவாரணப் பணியில் சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் முன்னின்றனர். பாக்பஜார் பகுதியில் குப்பை அள்ள ஆள் இல்லாதபோது நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்தார். அதைக் கண்டு நாணிய இளைஞர்கள் தாங்களும் தெருவில் இறங்கினர்.

அங்கே ஒரு குடிசையில், தாயை இழந்த குழந்தை ஒன்று பிளேக் நோயால் துடித்தது. அதற்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ராதா கோவிந்த கர், ஈரம் கசியும் அந்தக் குடிசையில் நிவேதிதை குழந்தையை மடியில் கிடத்தி அமர்ந்திருக்கக் கண்டார். நோய்க்கிருமி நீங்க, ஏணி வைத்துத் தம் கையாலேயே அவர் சுவர்களுக்கு வெள்ளையடித்தார். பிழைக்காது என்று தெரிந்த பிறகும் பணிவிடை குறையவில்லை. இரண்டு நாட்களில் குழந்தை அவரது மடியிலேயே கண்மூடியது.

அப்படியானால் அந்தச் சேவை வீணா? பலனைக் கொண்டு அளப்பவர் வீண் என்றே சொல்லக்கூடும். ஆனால் அந்தக் குழந்தை அனாதையாகச் சாகவில்லை. அன்பின் அரவணைப்பிலேயே அதன் கடைசி மூச்சு பிரிந்தது. துன்பத்தின் பொருள் துன்பத்திற்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அதை எதிர்கொள்ளும் மனிதனின் அன்பே அதற்குப் பொருள் தருகிறது. கீதை கூறும் பலன் கருதாத கர்மத்தின் ஆழம் இங்கேதான் விளங்குகிறது.

வெள்ளம், கொள்ளைநோய், வேலையிழப்பு, குடும்பத்தில் மரணம் என நெருக்கடிகள் பல வடிவங்களில் வருகின்றன. 'எனக்கு என்ன ஆகுமோ' என்று கேட்கும்வரை மனம் தளர்ந்துகொண்டே போகிறது. 'அருகில் இருப்பவருக்கு இப்போது என்ன தேவை?' என்று கேட்ட கணத்தில் கைகள் அசையத் தொடங்குகின்றன. அசையும் கைகளைத் தேடி வலிமை வருகிறது. அது வெளியிலிருந்து வருவதன்று. ஒவ்வோர் உயிரிலும் உறையும் ஆத்மாவின் ஆற்றல், தன்னலம் விலகிய அளவிற்கு வெளிப்படுகிறது. அச்சம் சூழ்ந்த வேளையில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிப்பவர் யாரோ, அவரே அந்தத் தெருவின் தலைவர்.