உரிமையைத் துறக்கும் உரிமை

சர்வாதிகாரம் வாளேந்தியே வரும் என எண்ணுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1933 மார்ச் 23இல் ஜேர்மனியப் பாராளுமன்றமே 444 வாக்குகளால், சட்டமியற்றும் தன் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்கு ஈந்தது. எதிர்த்தோர் 94 சமூக சனநாயகவாதிகள் மாத்திரமே. கம்யூனிஸ்ட் உறுப்பினரை அவைக்குள் வரவே விடவில்லை. வேலையின்மையும் வேர்சேய் உடன்படிக்கையின் அவமானமும் மக்களை அந்நிலைக்குத் தள்ளின என்பர். உண்மையே. ஆயின், கேள்வி கேட்போரற்ற நாட்டில் போருக்குத் தடை ஏது? 1939இல் போலந்தின்மீது படை ஏவப்பட்டபோது, வேண்டாமெனச் சொல்லும் அவையொன்று பேர்லினில் இருக்கவில்லை.

மக்கள் தம் வாக்குரிமையை வாக்கினாலேயே கைவிடலாமா? இலங்கையில் இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 1982 டிசெம்பர் 22இல், அவசரகால நிலையின்கீழ் நடந்த சர்வசன வாக்கெடுப்பில், பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீடிக்க வாக்களித்தோரில் ஏறத்தாழ 55 வீதத்தினர் இசைந்தனர். ஜே. ஆர். ஜயவர்த்தனாவை ஹிட்லரோடு ஒப்பிடல் மிகை. ஆனால் தருக்கம் ஒன்றே. இன்றைய பெரும்பான்மை நாளைய பெரும்பான்மையின் வாயைக் கட்டியது. யாழ்ப்பாண மாவட்டம் மறுத்தது, மறுப்புப் பயன்படவில்லை. 1983இல் யூலை வன்செயலும் ஆறாவது திருத்தமும் தொடர்ந்தன. திருத்தம் கோரிய சத்தியத்தைக் கூட்டணியினர் மறுக்க, முல்லைத்தீவுத் தொகுதியின் ஆசனமும் வெறிதாயிற்று. பொதுத் தேர்தலோ தொலைவில் இருந்தது.

பின்வந்த போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயுதமேந்தியோரும் மாற்றுக்குரலைப் பொறுத்தாரல்லர். எனினும், இசைந்தோர் தமக்காக மட்டுமா இசைந்தனர்? 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கரையில் நெருக்குண்டோரிற் பலர் 1982இல் பிறந்திருக்கவேயில்லை.