உள்ளிருக்கும் கசடு

மின்வில்லில் உருகி இறுகிய இணைப்பின் மேல் கசடு படியும். பற்றவைப்போர் அடுத்த அடுக்கை இடுமுன் அதனைச் சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றுதல் வேண்டும். அகற்றாது மூடினாலும் மேற்பரப்பு அழகாகவே தோன்றும்!

தொழிற்பள்ளியில் மாணவர் இணைத்த தகட்டை 180 பாகை வளைத்துச் சோதிப்பர். உட்குறை வெடித்துக் காட்டும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஒவ்வோர் இணைப்பையும் அவ்வாறு வளைக்க இயலுமோ? அங்கு அவசரத்தில் கசட்டை மூடிவிடுதல் சோம்பலா, பொய்யா? பொய்யென்றே கொள்ளல் தகும். 'உள்ளும் இவ்வாறே' என்று அவ்விணைப்பு சொல்லாமற் சொல்கிறது; நம்பி ஏறுபவன் முகமறியா மாலுமி.

பயிற்சித் தகடுகள் இறுதியில் பழைய இரும்புக் கடைக்கே போகின்றன. ஆயினும் அவற்றிலும் கசடு தட்டுமாறு ஆசிரியர் வற்புறுத்துகிறார். மாணவர்க்கு அது வீண்வேலையாகத் தோன்றுவது இயல்பே.